நடக்காத கூட்டத்தின் கூட்டறிக்கை

என் மேசை லாச்சிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது. நீல மட்டை, மூலைகள் பிய்ந்துபோய் நூல் தெரியும். எங்கள் ஊர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டறிக்கைப் புத்தகம் அது. நான் செயலாளர் என்பதால் அதுவும் என்னோடு. யார் கேட்டாலும் எந்தப் பக்கத்தையும் விரித்துக் காட்டுவேன், 61ஆம் பக்கத்தைத் தவிர. அந்தப் பக்கத்தில் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. தலைவர் தலைமை தாங்கியிருக்கிறார், இறைவணக்கம் முடிந்திருக்கிறது, சென்ற கூட்டறிக்கையை ஒருவர் பிரேரிக்க இன்னொருவர் ஆமோதித்திருக்கிறார், 43 பேர் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஒப்பங்களைத் தவிர மற்றதெல்லாம் என் கையெழுத்து. அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை.

ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வாவியை ஒட்டின ஊர். சனம் கூடினால் பல்தேவைக் கட்டடத்தில்தான் கூடும். முன்பெல்லாம் கூட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போவோம். நாலு மணி என்றால் ஐந்துக்குத் தொடங்கும். ஜீ.எஸ். (கிராம சேவகர்) வந்து வாசலில் நிற்க, கட்டடத்துத் திறப்பைத் தேடி ஆள் ஓடிய நாட்களும் உண்டு. முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள். பெண்கள் பின்னால் கதவோரம், பாதிப்பேர் நின்றபடி. "உலையை வச்சிட்டு வந்தனான்கா" என்று சொல்லிக் கிறுகிப் போக வசதியான இடம். கதைப்பதெல்லாம் முன்வரிசைதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறவை. குடி என்கிற குலம் தாய்வழியில் வருவது. எங்கள் ஒழுங்கைகளில் இருக்கிற வீடுகளில் அநேகமானவை பெண்களின் பேரில். அப்படியிருக்க, முன்வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு "எங்கட ஒழுங்கைக்கு" என்று தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த ஒழுங்கைக்குக் கலியாணம் கட்டி வந்த மாப்பிள்ளைமார். வளவுக்குச் சொந்தக்காரி உலைக்குப் போய்விட்டாள். நானும் கட்டி வந்தவன்தான், ஆனபடியால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

அதனால் பழைய கூட்டங்களை நினைத்து நான் ஏங்குவதில்லை. உள்ளூராட்சி சபைகளில் 4இல் 1 பங்கு பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது, 2018 தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்தது. எங்கள் கட்டடத்தின் கதவோரத்துக்கு அது வந்து சேரவில்லை. மாதர் சங்கம் தனியாக இருக்கிறது, கடன் கொடுக்கிறது, கோழிக்குஞ்சு கொடுக்கிறது. றோட்டு, மதகு, வெளிச்சம் என்று வரும்போது எல்லாம் எங்கள் சங்கத்துக்கு வந்துவிடும். அதை மாற்றப் போகிறது போன்தான் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

குறூப்

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்குச் சீனி வருத்தத்து மருந்து முடிந்தது என்று அறிய வேறு வழி இல்லாமல் வட்ஸ்அப்பில் ஒரு குறூப் தொடங்கினேன். ஊரடங்கு போனது, குறூப் போகவில்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் "எண்ணெய் இறங்குது" என்ற ஒரு வரிக்காக ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாரியில் வெள்ளம் ஏறினால் "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்று இரவு முழுக்கக் கேள்வி வரும். முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால்தானே வாவித் தண்ணீர் கடலுக்கு இறங்கும், எங்கள் முற்றம் தெரியும்.

குறூப்பின் உச்சமான வேலை யானைதான். இரவு 11 மணிக்கு மேல் ஒரு வொய்ஸ், அதாவது குரல் செய்தி, வரும். மூச்சு வாங்கும், பின்னால் நாய்கள் குரைக்கும். "டேய் வேம்படியால தனியன் ஒண்டு வருது, ஆரும் சைக்கிள்ல வராதீங்க." அதற்கு யாரும் பெருவிரல் இமோஜி போடுவதில்லை. யானை வெடி வைத்திருக்கிறவன் கதவைத் திறக்கிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், அவ்வளவுதான். இப்போது யோசித்தால் தெரிகிறது, அந்தக் குறூப்பில் நடந்தவற்றில் உண்மையான பங்குபற்றல் அதுதான். அன்று எனக்குத் தெரியவில்லை. ஆள்தொகையைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் வந்தபோது இன்னொன்றையும் பார்த்தேன். ஆனியில் பட்டியல் வெளிவந்தது. அதற்கு முதல் இருந்த சமுர்த்தி உதவியை எடுத்துக்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களின் பெயர் அதில் இல்லை. மேன்முறையீட்டுக்கு ஜூலை 10 வரைதான் நாள். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பிள்ளை (என்னிடம் படித்தவள், துறையடி ஒழுங்கைக்காரி) தன் போனில் ஒவ்வொரு வீட்டுக்குமாக மேன்முறையீடு போட்டாள். டேட்டா முடிந்தால் யாராவது றீலோட் போட்டுவிடுவார்கள். திண்ணையில் பாய் போட்டு உட்கார்ந்து, அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அதே முறைமைக்குள், பட்டியலில் இருக்கிற ஒருவருக்கு எதிராக ஆட்சேபனை போடவும் இடமிருந்தது. எங்கள் ஊரில் அதுவும் நடந்தது. வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்குகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஆட்சேபனை போட்டார்கள். யார் போட்டது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை. பெயர் தெரியாது என்றால் சனம் என்ன செய்யும் என்பதை அப்போது கண்டேன். பெயர் தெரிந்தால் என்ன செய்யும் என்பதை அடுத்த வருடம் கண்டேன்.

இடையில் ஒரு சின்னச் சலிப்பையும் சொல்லிவிடுகிறேன். கந்தோர்களில் இருந்து வருகிற அறிவித்தல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. அதைப் பிரதி எடுத்து குறூப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். அதனால் தாளில் அச்செடுத்து, தாளை மேசையில் வைத்துப் படம் பிடித்து, சரிந்தபடி அனுப்புவார்கள். படத்தில் பாதி, பிடித்தவரின் தலை நிழல். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் கண்ணாடியை மறந்த போடியாருக்கும் ஒரே கதி. பிறகு நான் அதை வாசித்து ஒரு வொய்ஸ் போட வேண்டும். என் குரலில்தான் அரசாங்கம் எங்கள் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தது.

கூட்டம் எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் நிறுத்தவில்லை. "எல்லாம் குறூப்பில போட்டாச்சுத்தானே" என்று ஒரு மாதம் விட்டோம், பிறகு மறு மாதம். 2023 மார்ச் 19உடன் பிரதேச சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல், ஒரு லைற் எரியாவிட்டால் போய் ஏச ஒரு உறுப்பினர்கூட இல்லை. பிரதேச சபையின் செயலாளர்தான் சபை. ஊருக்குள் குறூப்தான் சபை. அந்தக் குறூப்புக்கு அட்மின் நான்.

71 பெருவிரல்

2024 ஆடி முடிவில் ஒரு செய்தி வந்தது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் எங்கள் ஊருக்கு ஒரு உள்ளக வீதி, கொங்கிறீட் போடலாம், ஒன்றே ஒன்று. சங்கம் தெரிவுசெய்து சொல்ல வேண்டும். கேட்டு நின்றவை இரண்டு. ஒன்று கோயில் றோட்டு. கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகிற கிறவல் பாதை, வைகாசிச் சடங்குக் காலத்தில் வாகனம் போய்த் தூசு கிளம்பும். மற்றது துறையடி ஒழுங்கை. 19 வீடு, வாவிக்கு இறங்குகிற பள்ளம்.

குறூப்பில் இரண்டு செய்தி போட்டேன். முதலாவது கோயில் றோட்டு, இரண்டாவது துறையடி. விருப்பமானதுக்குப் பெருவிரல் போடுங்கள் என்று எழுதினேன். எழுதியபோது கை கொஞ்சம் நடுங்கியது, ஏதோ சரித்திரத்தில் இடம்பிடிக்கிற ஆள் மாதிரி. பத்து நிமிடத்தில் கோயில் றோட்டுக்கு இருபது தாண்டிவிட்டது. முதலில் போட்டவர்கள் வெளிநாட்டுக்காரர். சுவிசில் ஒருவர் வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து போட்டார், கட்டாரில் எங்கள் பொடியன்கள் தங்கியிருக்கிற ஒரே அறையில் இருந்து ஐந்து விரல் வந்தது. கொம்புமுறிக்கு வடசேரி தென்சேரி பிரிந்து வடம் பிடிக்கிற மாதிரி ஒரு உற்சாகம். "அம்மாள்ட றோட்டுக்கு எதிரா ஆரும் போடுறீங்களாடா பாப்பம்" என்று ஒருவன் பகிடிக்கு எழுதினான். பகிடிதான். ஆனால் அதற்குப் பிறகு துறையடிச் செய்திக்கு ஒரு விரலும் ஏறவில்லை. இரவு எட்டு மணிக்குக் கோயில் றோட்டுக்கு 71, துறையடிக்கு 6. அந்த 71இல் துறையடி ஒழுங்கை இலக்கங்கள் ஒன்பது இருந்தன.

அந்த ஒன்பதுதான் என்னை இன்னும் விடவில்லை. விரலை ஒருதரம் தொட்டால் கீழே பட்டியல் விரியும், யார் யார் போட்டது என்று பெயரும் படமுமாக. பழைய கூட்டத்தில் கதவோரம் நிற்கிறவள் கையை உயர்த்தாவிட்டால் முன்வரிசைக்குத் தெரியாது, முதுகுதானே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரிகிறது. முகதாட்சண்யம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அது போனுக்குள் போனால் இளகிப்போகும் என்று நான் நினைத்திருந்தேன். அது அங்கே போய்க் கொழுத்துவிட்டது.

அன்று இரவு ஒன்பதரைக்குப் பிறகு எனக்குத் தனியாக வொய்ஸ் வரத் தொடங்கின. ஏழு. எல்லாம் துறையடிப் பெண்கள். அந்த ஏழில் நாலு பேரின் இலக்கம் கோயில் றோட்டுக்கு விரல் போட்டிருந்தது. ஒருத்தி கிசுகிசுத்தாள், பக்கத்தில் குறட்டை கேட்டது. இன்னொருத்தி குழாயைத் திறந்து குடத்தில் தண்ணீர் விழ விழக் கதைத்தாள். வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காக இருக்கும். "சேர், இத குறூப்பில போடாதீங்க, சும்மா சொல்லுறன்." மாரி மூன்று மாதமும் பிள்ளை சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சந்தி வரைக்கும் போகிறானாம். மாமிக்கு மூச்சிழுத்தபோது முச்சக்கரவண்டி உள்ளே வரமாட்டேன் என்றதாம், கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கினார்களாம். முந்தின வருடம் ஒரு பிரேதத்தை முழங்கால் தண்ணீருக்குள் கொண்டுபோனதை இன்னொருத்தி சொன்னாள். அதற்கு நானும் போயிருந்தேன். மறந்திருந்தேன். 48 செக்கன் வொய்ஸ் ஒன்றின் கடைசியில், "அம்மாள்ட றோட்டு வேணாமெண்டு போட ஏலுமா சேர்? அவதானே எல்லாம்" என்று இருந்தது.

பல்தேவைக் கட்டடத்தில் இருபது வருடமாக வாய் திறக்காத பெண்கள் பேசியிருக்கிறார்கள். நான் நம்பிய அற்புதம் நடந்துதான் இருக்கிறது, என் சட்டைப் பைக்குள். ஏழு பேருக்கும் ஒரே சொல்லைப் பதிலாக அனுப்பினேன்: "பார்ப்பம்."

மை

பிரதேச செயலகத்தில் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் என் போனை வாங்கி 71ஐப் பார்த்தார். சிரித்தார். நல்ல மனிசன். "மாஸ்டர், இத நான் எந்தக் கோப்பில வைக்கிற? கூட்டறிக்கை கொண்டாங்க, ஒரு 40 ஒப்பத்தோட. வெள்ளிக்கிழமைக்குள்ள தாங்க, பிந்தினா வருச முடிவுக்குள்ள வேலை முடியாது, காசு திறைசேரிக்குத் திரும்பிரும்." அன்று செவ்வாய். வியாழன் பின்னேரம் ஒரு கூட்டம் வைத்திருக்கலாம். முச்சக்கரவண்டி இருந்தது, ஒலிபெருக்கி இருந்தது. நான் வைக்கவில்லை. நேரமில்லை என்று தலைவருக்குச் சொன்னேன். கூட்டம் வைத்தால் யாராவது ஒருத்தி வாய் திறந்துவிடுவாள், முடிவு குழம்பும், சுவிசில் இருந்து கோல் வரும் என்ற பயம்தான் உண்மை. இதை இன்றுதான் எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

இரவு உட்கார்ந்து 61ஆம் பக்கத்தை எழுதினேன். அழகான கையெழுத்தில். ஆவணி 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 4 மணி என்று போட்டேன். புதன்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வெளிக்கிட்டேன், விரல் போட்டவர்களிடம் ஒப்பம் வாங்க.

விரல்கள் கரையத் தொடங்கின. வெளிநாட்டு விரல் 23, அவற்றைக் கழித்தால் 48. இரண்டு சிம் வைத்து இரண்டு விரல் போட்டவர்கள் மூன்று பேர், 45. வயல் வட்டையில் நிற்கிறவர், கொழும்புக்கு வேலைக்குப் போனவர் என்று ஆறு பேர் அகப்படவில்லை. இரண்டு பேர் கொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் சொன்னார், "நான் பாத்தன் எண்டுதான் போட்டன் மாஸ்டர், ஓம் எண்டு போடல்ல." பெருவிரலுக்குள் இப்படி ஒரு இலக்கணம் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. 37இல் வந்து நின்றது. இருட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. மிச்சத்துக்கு எங்கே போவது? பகலில் ஆட்கள் வீட்டில் இருக்கிற ஒழுங்கை துறையடிதான். போனேன்.

ஐந்து பேர் வாசிக்காமலே ஒப்பம் வைத்தார்கள். இரவில் வொய்ஸ் போட்டவர்களில் இரண்டு பேர் அதில் உண்டு. என் முகத்தைப் பார்க்காமல் பேனையைத் திருப்பித் தந்தார்கள். கடைசி வீடு பெத்தாச்சியின் வீடு. என் மனைவிக்குப் பெத்தாச்சி (பாட்டி) முறை, அஸ்வெசும மேன்முறையீடு போட்ட பிள்ளைக்குச் சொந்தப் பெத்தாச்சி. போன் கிடையாது. முற்றத்து மாமர நிழலில் இருந்து பன் புல்லைக் கிழித்துக்கொண்டிருந்தார், பாய் இழைக்க. பன்னின் நுனியைப் பெருவிரல் நகத்தால் கீறி, ஒரே இழுவையில் இரண்டாக்கிப் பக்கத்தில் போடுவார். அந்த விரல் நகத்தின் ஓரம் கறுத்து, வெடித்து, கொம்பு மாதிரி இருந்தது.

"என்ன மனே, வெயிலுக்க?"

"ஒரு ஒப்பம் வேணும் பெத்தாச்சி. றோட்டு விசயம்."

"எனக்கு எழுத்துத் தெரியாதெண்டு தெரியுந்தானே. வாசி."

"பெரிசா ஒண்டும் இல்ல, கொங்கிறீட் போட…"

"வாசி மனே. காது கேக்கும்."

அதுவரை 42 பேரில் ஒருவரும் வாசிக்கச் சொல்லவில்லை. வாசித்தேன். நான் எழுதியதை நானே உரத்து வாசிப்பது அதுதான் முதல்தரம். ஆவணி மாதம் 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 4 மணிக்குப் பல்தேவைக் கட்டடத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் என்று வந்ததும் பன் கிழிக்கிற கை நின்றது.

"எந்த ஞாயிறு?"

"போன ஞாயிறு பெத்தாச்சி."

"போன ஞாயிறு பின்னேரம் நான் அந்தக் கட்டடத்துப் படியில இருந்துதானே பன் காயப்போட்ட. பூட்டில்லியா மனே கிடந்தது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆடு வந்து கிழித்த பன்னை முகர்ந்தது, அவர் அதைத் தட்டிவிட்டார். பிறகு எந்த றோட்டுக்குப் போடுகிறார்கள் என்று கேட்டார். கோயில் றோட்டு என்றேன். "அம்மாள்ட றோட்டு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் ஏசியிருந்தால் நான் கொப்பியை மூடிக்கொண்டு வந்திருப்பேன், அந்தப் பக்கத்தைக் கிழித்தும் இருப்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. "மையைக் கொண்டா" என்றார். "புள்ளைட மாப்பிள வெயிலுக்க அலையுது. உனக்குக் கரைச்சல் ஒண்டும் வராமப் போகட்டும்."

ஊதா மைப்பெட்டி காய்ந்திருந்தது. குடத்தில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். முதல்தரம் வைத்த அடையாளத்தில் ரேகையே இல்லை, வெறும் முட்டை வடிவம். பன் கிழித்துக் கிழித்து அழிந்துபோயிருந்தது. நான் கையைப் பிடித்து இரண்டாந்தரம் அழுத்தினேன். 43. விரலைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு அவர் மறுபடி பன்னை எடுத்தார்.

சைக்கிளில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. குறூப்பில் அம்மாளின் முகத்துக்காக விரல் போட்டார்கள். இங்கே என் முகத்துக்காக.

உண்மைப் பிரதி

ஐப்பசிக்குள் றோட்டைப் போட்டு முடித்தார்கள். 110 மீற்றர். தேங்காய் உடைத்து, படம் எடுத்து, குறூப்பில் போட்டோம். கோயில் றோட்டு வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த நவம்பர் கடைசியில் மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கியபோது துறையடிச் சனம் மேட்டுக்கு ஏறி வந்தது அந்தக் கொங்கிறீட்டில்தான். கோயில் மடத்தில்தான் சமைத்துக் கொடுத்தோம். ஆனால் ஒழுங்கைக்குள் இருந்து அந்தக் கொங்கிறீட் தொடங்குகிற இடம் வரை வர, பெத்தாச்சியை முதுகில் தூக்க வேண்டி இருந்தது. ஒருவன் ஒழுங்கையை மேலிருந்து படம் பிடித்து குறூப்பில் போட்டான். வேலிக் கதியால்களின் நுனி மட்டும் தெரிந்தது. அதற்கு 52 அழுகை முகம். சுவிசில் இருந்தும் வந்தது, கட்டாரில் இருந்தும் வந்தது. அதில் ஒன்று நான் போட்டது.

2025 தையில், அஸ்வெசும மேன்முறையீடு போட்ட அந்தப் பிள்ளை செயலகத்துக்குப் போய்த் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். எதற்குக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வகுப்பில் குடியியல் பாடத்தில் நான்தான் படிப்பித்தது. அவள் கேட்டது ஒரே கேள்வி: 2024இல் எங்கள் ஊருக்கு வந்த வீதி எந்த அடிப்படையில் தெரிவுசெய்யப்பட்டது? கந்தோர் பிழை ஒன்றும் செய்யவில்லை. உரிய நாளுக்குள் பதில் வந்தது. ஒரு கடிதம், இணைப்பாக ஒரு நிழற்பிரதி. 61ஆம் பக்கம். என் அழகான கையெழுத்து. கீழ் மூலையில் செவ்வக முத்திரை: உண்மைப் பிரதி.

அதைக் கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நிழற்பிரதியில் ஊதா நிறம் கறுப்பாகிவிட்டது, 43ஆம் இலக்கத்துக்கு நேரே மை சிந்தின மாதிரி ஒரு கறுப்பு வட்டம்.

"சேர், பெத்தாச்சி இந்தக் கூட்டத்துக்கு வந்தவெண்டு கிடக்கு. நான் அவட்டக் கேட்டன்."

"என்ன சொன்னா?"

"மாஸ்டர்ட்டயே கேளெண்டு சொல்லிட்டா."

நான் கேட்டேன், இதைக் குறூப்பில் போடப் போகிறாயா என்று. அவள் பதில் சொல்லாமல் தாளை மடித்துப் போன் உறைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஐந்து மாதமாக ஒவ்வொரு நாள் விடியவும் வெள்ளாப்பில் எழும்பி முதலில் குறூப்பைத்தான் பார்க்கிறேன். அவள் போடவில்லை. என் போன் மாசியில் தண்ணீரில் விழுந்து, புதிதாக மாற்றியதில் அந்த ஏழு வொய்சும் போய்விட்டன. இப்போது அவற்றுக்கு ஆதாரம் என் ஞாபகம்தான், அதுவும் இங்கே எழுதியிருக்கிற அளவுக்குத்தான்.

மே 6 தேர்தல் முடிந்து சபைக்கு உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். வந்த கிழமையே புதிதாக ஒரு குறூப் தொடங்கி ஊரையே சேர்த்தார்கள். அதில் அட்மின் மட்டும்தான் எழுதலாம். நாங்கள் விரல் போடலாம்.

வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கட்டடத்தில் கூட்டம் என்று முச்சக்கரவண்டிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கிக்கு 1,500 கேட்கிறான், சங்கக் காசில் இல்லை, என் காசு. முதல் அலுவலாக 61ஆம் பக்கத்தை வாசிப்பேன், பிறகு சனம் என்ன சொல்கிறதோ சொல்லட்டும். தலைவருக்கு இதில் விருப்பம் இல்லை. முடிந்துபோன விசயத்தை எதற்குக் கிண்டுகிறாய் என்கிறார். சுவிஸ்காரர் கோல் எடுத்து, கூட்டத்தை நேரலையில் காட்டச் சொன்னார். ஏலாது என்றேன், கோபித்துக்கொண்டார். இதை எழுதி முடித்ததும் குறூப்பில் போட்டுவிடுவேன், அந்தப் பிள்ளை போடுவதற்கு முதல். பெத்தாச்சிக்கு மட்டும் நேரே போய் வாசித்துக் காட்ட வேண்டும். இன்னும் போகவில்லை.